தட்சிணைக் கணக்கு

1984 ஆகஸ்டில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்ட செய்தி பேப்பரில் வந்த அன்று சாயங்காலம், எங்கள் பி.டி. மாஸ்டர் ஓடுகிற பிள்ளைகள் எல்லோரையும் மைதானத்தில் உட்காரவைத்து அந்த நூறில் ஒன்றை விளக்கினார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, அதன் கயிற்றின் தடிமனைக் காட்டி, "இவ்வளவுதாண்டா" என்றார். ருமேனியாக்காரி 55.41, உஷா 55.42. கடைசி எட்டில் நெஞ்சை முன்னால் தள்ளியிருக்க வேண்டும், தள்ளவில்லை. "நம்பியார் சொல்லித்தான் குடுத்திருப்பாரு. ஓடுறவங்கதான் மறந்துடுறாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நாற்பது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். கிடைத்திருந்தால் அது நம்பியாருடைய வெண்கலமாகவும் இருந்திருக்கும். கிடைக்காதபோது அது உஷாவின் மறதி மட்டுமே. மாஸ்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அது. அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

அடுத்த ஆண்டே, 1985இல், மத்திய அரசு பயிற்சியாளர்களுக்கென்று ஒரு விருதை ஏற்படுத்தியது. தடகளத்துக்கு ஓ.எம். நம்பியார், குத்துச்சண்டைக்கு ஓம் பிரகாஷ் பரத்வாஜ், மல்யுத்தத்துக்கு பாலச்சந்திர பாஸ்கர் பாகவத் என்று முதல் வருஷம் மூவருக்குக் கொடுத்தார்கள். விருதின் பெயர் துரோணாச்சாரியார். 1961லிருந்தே அர்ச்சுனன் பெயரில் வீரர்களுக்கு விருது இருந்ததால் இந்தப் பெயர் 'இயல்பாக' வந்து உட்கார்ந்துகொண்டது. கதையின் மூன்றாமவனை மத்திய அரசு தொடவில்லை. கர்நாடகமும் மத்தியப் பிரதேசமும் மாநில அளவில் ஏகலைவன் பெயரில் விருது கொடுக்கின்றன. (தில்லிக்கு அர்ச்சுனன், மாநிலத்துக்கு ஏகலைவன். யாரும் யோசித்துச் செய்திருக்கமாட்டார்கள். யோசிக்காமல் செய்வதில்தானே கருத்தியல் இருக்கிறது.)

துரோணரின் சாதி குறித்தும் அந்தக் கட்டைவிரல் குறித்தும் நம் சூழலில் நிறையவே பேசியாயிற்று. அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பிரதியை இன்னொரு இடத்தில் நிறுத்திப் படிக்கலாம் என்று தோன்றுகிறது. ஆதிபர்வத்தின் துரோணர் முதலில் ஒரு ஏழை. பிள்ளைக்குப் பால் வாங்க வழியில்லை, மாவைக் கரைத்த தண்ணீரைப் பாலென்று நம்பிக் குடிக்கிறான் அசுவத்தாமன். பழைய சிநேகிதன் துருபதனிடம் போய் அவமானப்பட்டுத் திரும்பியவர், பீஷ்மர் வேலை கொடுத்ததால் அஸ்தினாபுரத்தில் ஒண்டுகிறார். அரண்மனைச் சம்பளக்காரர். அரசகுமாரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார், அதற்குத் தட்சிணையாகத் துருபதனைப் பிடித்துக் கட்டி வரச்சொன்னார். அது ஒரு கணக்கு, சரி. ஏகலைவனுக்கு அவர் கற்றுக்கொடுத்தது என்ன? ஒன்றுமில்லை. நிஷாதன் என்று திருப்பி அனுப்பினார். மண்ணைப் பிசைந்து உருவம் செய்துவைத்து அவனாகவே கற்றுக்கொண்டான். ஆனாலும் தட்சிணை கேட்கப்படுகிறது, கொடுக்கப்படுகிறது. ஆக, இங்கே கடன் கற்பித்தலிலிருந்து பிறக்கவில்லை. குரு என்கிற இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதிலிருந்தே பிறந்துவிடுகிறது. வசூலிப்பவர் துரோணர், ஆதாயம் அரண்மனைக்கு.

இந்த மூன்று புள்ளிகளையும், அதாவது கடனாளியான சீடன், கூலிக்காரக் குரு, ஆதாயம் பெறும் அரண்மனை என்பதை, மனதில் வைத்துக்கொண்டால் நம் விளையாட்டு வரலாற்றின் பல சம்பவங்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

நம் பள்ளிக்கூட 'டிரில் மாஸ்டர்' வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. வரிசை, இடைவெளி, விசில், 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' எல்லாமே பட்டாளத்திலிருந்து பள்ளிக்கு இறங்கியவை. 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது அது ஒரு படிப்பாகவும் தொழிலாகவும் ஆனது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியுடனும் அவர் போனார். சுதந்திரத்துக்குப் பின், 1961இல், தேசிய விளையாட்டு நிறுவனத்தைப் பட்டியாலாவில் நிறுவினார்கள். எந்த இடத்தில் என்று கேளுங்கள்: பட்டியாலா மகாராஜாவின் பழைய மோத்தி பாக் அரண்மனையில். அர்ச்சுனா விருது பிறந்த அதே வருஷம். இந்தியக் 'கோச்' என்பவர் டிப்ளமா வாங்குவது அரண்மனையில்தான் என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். தற்செயல்களும் சில சமயம் பேசும்.

பக்கும் பட்டியாலாவும் கொண்டுவந்தது விஞ்ஞானம். ஸ்டாப்வாட்ச், எடை பார்க்கும் கருவி, நாடித்துடிப்பு, தினசரி நோட்டு. எங்கள் மாஸ்டரிடமும் நீள நோட்டு ஒன்று இருந்தது. நாங்கள் எத்தனை மணிக்கு எழுந்தோம், என்ன தின்றோம், எத்தனை சுற்று ஓடினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெண்பிள்ளைகளின் மாதவிலக்குத் தேதிகளும் இருந்தன. ஃபூக்கோ படித்தவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டாளம், பள்ளி, மருத்துவமனை, சிறை என்று அவர் போட்ட பட்டியலில் மைதானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் நம்மூரில் இந்தக் கண்காணிப்பு தனியாக வரவில்லை. பழைய குருபக்தியின் மேல் ஏறி வந்தது. ஐரோப்பியச் சிறைக்காவலருக்குக் கைதி காலில் விழமாட்டான். நாங்கள் மாவட்டப் போட்டிக்குப் பஸ் ஏறுமுன் மாஸ்டர் காலில் விழுந்து எழுந்துதான் ஏறினோம். உடலை அளந்து குறித்துக்கொள்ளும் நவீன அதிகாரமும் உடலைக் காணிக்கையாகக் கேட்கும் பழைய அதிகாரமும் ஒரே ஆளிடம், ஒரே விசிலில் இருந்தன.

இதற்கு மாற்றாக வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் கிராமத்துச் சிலம்ப வாத்தியார்களையும் சிலர் காட்டுவார்கள். 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு அதிகம். அங்கே வாத்தியாரும் சீடனும் ஒரே தெருக்காரர்கள், மேலே அரண்மனை இல்லை என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனால் 'பரம்பரை' என்ற சொல்லே சொத்துரிமைச் சொல். யாருடைய மானத்துக்காக யாருடைய தாடை உடைந்தது என்ற கேள்வி அங்கேயும் உண்டு. பெண்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நம்பியாருக்கும் உஷாவுக்கும் வருவோம். நம்பியார் விமானப்படையிலிருந்து வந்தவர், பட்டியாலாவில் பயிற்சி பெற்றவர். 1976இல் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு தொடங்கியபோது உஷா அங்கே சேர்ந்தார். அதன்பின் கிட்டத்தட்ட பதினைந்து வருஷம். 1985 ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஐந்து தங்கம், 1986 சியோல் ஆசியப் போட்டியில் நான்கு. இதில் பாசாங்கு எதுவுமில்லை, அந்த மனிதரின் உழைப்பு நிஜம். லாஸ் ஏஞ்சல்ஸில் தனக்குத் தகுந்த சாப்பாடு கிடைக்கவில்லை, கஞ்சியும் மாவடு ஊறுகாயும் வைத்து ஓடினேன் என்று உஷா பிற்காலத்தில் பேட்டியில் சொன்னார். இந்த இடத்தில்தான் எங்கள் மாஸ்டரின் கணக்கு உடைகிறது. நூறில் ஒரு பங்கு எங்கே போயிற்று என்று தேடினால் நெஞ்சைத் தள்ளாத ஓட்டக்காரியிடமே போய் நிற்கிறோம். கஞ்சியை எந்த நோட்டிலும் யாரும் குறிப்பதில்லை. சீடனின் பிழை பேரேட்டில் ஏறும், அரண்மனையின் பிழை ஏறாது.

கூலிக்காரக் குருவுக்கும் அரண்மனை ஒன்றும் தாராளமாக இல்லை. உஷாவுக்குப் பத்மஸ்ரீ 1985இல். நம்பியாருக்கு 2021இல், முப்பத்தாறு வருஷம் கழித்து. அந்த ஆகஸ்டிலேயே அவர் இறந்துபோனார். இன்றும் ஒப்பந்தச் சம்பளத்தில், 'ரிசல்ட்' வராவிட்டால் புதுப்பிக்கப்படாத காகிதத்தில் வேலை பார்க்கிற கோச்சுகள் எத்தனையோ பேர். மேலிருந்து வரும் பயத்தை அவர்கள் கீழே கடத்துகிறார்கள். இதைச் சொல்வது அவர்களை விடுவிப்பதற்காக இல்லை. துரோணரின் வறுமை அந்தக் கத்தியை மழுங்கச் செய்யவில்லையே.

2011க்குப் போவோம். முந்தைய ஆண்டு தில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் பெண்கள் 4x400 தொடரோட்டத்தில் தங்கம் வென்ற அணியில் மூன்று பேர் உட்பட ஆறு ஓட்டக்காரிகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் உக்ரைன்காரர். அவர் சீனாவில் வாங்கிக் கொடுத்த ஜின்செங் மாத்திரையைச் சாப்பிட்டோம், வேறொன்றும் தெரியாது என்றார்கள் பெண்கள். முகாமில் கோச் கொடுப்பதை ஏன் என்று கேட்டுத் தின்னும் வழக்கம் எங்காவது உண்டா? பயிற்சியாளரை வேலையைவிட்டு நீக்கினார்கள், அவர் போனார். பெண்களுக்கு முதலில் ஓராண்டுத் தடை. 2012இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக்கியது. சட்டத்தின் தர்க்கம் எளிது: உன் உடம்பில் இருப்பதற்கு நீயே பொறுப்பு. ஏமாற்றுக்காரர்கள் தப்பிக்கக்கூடாது என்பதற்காக வந்த விதிதான், அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி விளக்கணைக்கும்வரை 'உன் உடம்பு உன்னுடையதில்லை' என்று பழக்கிவிட்டு, மூத்திரக் குப்பியை நீட்டும்போது மட்டும் 'இது உன் உடம்பு' என்பது என்ன நியாயம்?

குற்றவாளிக்கூண்டில் பயிற்சியாளர்கள் நின்ற வரலாறும் உண்டு, அரிதாக. நம்மில் இடதுசாரிப் பின்னணியில் வந்தவர்களுக்கு இது கசக்கும், ஆனாலும் பேச வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் 1974லிருந்து 14.25 என்ற எண்ணிட்ட அரசுத் திட்டம் ஒன்று ரகசியமாக நடந்தது. ஓரல் டுரினாபால் என்ற நீல மாத்திரை, ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்தது, வைட்டமின் என்று சொல்லிப் பயிற்சியாளர்கள் கையால் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்களில் பலர் பதின்வயதுச் சிறுமிகள். 1976 மான்ட்ரியலில் பெண்களுக்கான 13 நீச்சல் தங்கங்களில் 11 அவர்களுக்கு. அந்தப் பெண்களின் குரல் ஏன் இவ்வளவு கட்டையாக இருக்கிறது என்று கேட்டதற்கு, நீந்த வந்திருக்கிறார்கள், பாட வரவில்லை என்று அவர்கள் தரப்பில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். சோஷலிச அரண்மனையும் அரண்மனைதான். பத்தாயிரம் பேர்வரை இந்தத் திட்டத்துக்குள் வந்திருக்கலாம் என்பது மதிப்பீடு.

சுவர் விழுந்த பிறகு ஆவணங்கள் வெளிவந்தன. ஆவணங்களைத் தேடிப் பிடித்து வெளியிட்டதில் பிரிகிட்டே பெரெண்டோங்கின் பங்கு பெரிது. அவரே ஒருகாலத்தில் வட்டெறியும் வீராங்கனை. 1998இல் பெர்லின் டைனமோ சங்கத்தின் நீச்சல் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் நீதிமன்றம் ஏறினார்கள். 2000 ஜூலையில் விளையாட்டுத் தலைவர் மான்ஃபிரெட் எவால்டுக்கு 22 மாதமும், தலைமை மருத்துவர் மான்ஃபிரெட் ஹெப்னருக்கு 18 மாதமும் தண்டனை. இரண்டுமே நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, ஒருநாள்கூட உள்ளே போகவில்லை. சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஆந்திரியாஸ் கிரீகர். 1986இல் ஹைடி கிரீகர் என்ற பெயரில் குண்டெறிதலில் ஐரோப்பிய சாம்பியன். பதினாறு வயதிலிருந்து மாத்திரை. 1997இல் ஆணாக மாறியவர். தான் யார் என்று தானே கண்டடையும் வாய்ப்பைத் தன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. தீர்ப்பைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தண்டனை சொற்பம். ஆனால் 'இந்த உடலுக்குச் செய்யப்பட்டது உடற்காயம், அதைச் செய்தவர்கள் இவர்கள்' என்று ஒரு நீதிமன்றம் பெயர் சொல்லி எழுதியது. கடனாளி எழுந்து நின்று, நான் உனக்கு எதுவும் தரவேண்டியதில்லை, நீதான் எனக்குத் தரவேண்டும் என்றார். 2002இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதியுதவிச் சட்டம் வந்தது.

நம் பக்கத்தில் அப்படி யார் எழுந்து நின்றார்கள்? புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் அது பறிக்கப்பட்டது. அவரைத் தேர்ந்தெடுத்து, முகாமில் வைத்து ஓட்டி, விமானம் ஏற்றிய அமைப்பு பின்னால் நகர்ந்துகொண்டது. செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். தன் உடல் ஊர் முன்னால் விசாரிக்கப்பட்ட ஒருவர் விசிலைக் கையில் எடுக்கும்போது அந்த விசிலின் சத்தம் மாறியிருக்குமா என்று கேட்க ஆசை.

2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். உடல்வலிக்குச் சிகிச்சை என்று சொல்லித் தொட்டார் என்பது புகார். ஒரு பெண் வாய் திறந்தபின் பழைய மாணவிகள் பலரும் பேசினார்கள். 2022இல் ஸ்லோவேனியா முகாமிலிருந்து ஒரு சைக்கிள் வீராங்கனை தேசியப் பயிற்சியாளர்மேல் புகார் அனுப்பி, அவருடைய ஒப்பந்தம் ரத்தானது. 2023 ஜனவரியில் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது புகார் கூட்டமைப்புத் தலைவர் பிரிஜ் பூஷன் சரண் சிங்மீது மட்டும் இல்லை. கூட்டமைப்புக்கு வேண்டிய கோச்சுகள்மீதும் வினேஷ் குற்றம் சாட்டினார். (தலைவர் எல்லாவற்றையும் மறுத்தார். 2024 மே மாதம் தில்லி நீதிமன்றம் அவர்மீது குற்றச்சாட்டுகளைப் பதிவுசெய்தது.) அந்த ஏப்ரலில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர், தெருவில் உட்கார்வது ஒழுங்கீனம், நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று சொன்னார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், பி.டி. உஷா.

அன்று அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. சில நாள் கழித்து அவர் பந்தலுக்குப் போய்ப் பார்த்தார், அது வேறு. 'ஒழுங்கீனம்' என்ற அந்தச் சொல் யாருடையது? பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து விசிலுக்கு எழுந்து விசிலுக்குப் படுத்த ஒரு உடலுக்குள்ளிருந்து வந்த சொல் அது. எனக்குள்ளும் அது இருக்கிறது.

இத்தனைக்கும் சட்டம் ஒன்று செய்திருக்கிறது. 2013ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 'பணியிடம்' என்பதன் விளக்கத்தில் விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாவற்றையும், தங்கிப் பயிலும் இடமானாலும் சரி, சேர்த்திருக்கிறது. மைதானம் வேலை செய்யும் இடம் என்றாகிவிட்டால் ஓடுவது வேலை. வேலை செய்தவருக்குக் கூலி பாக்கி இருக்கலாம், தட்சிணை பாக்கி இருக்க முடியாது. ஒரே வரியில் துரோணர் விவகாரத்தையே புரட்டிப்போடுகிற விளக்கம். ஆனால் எந்த விடுதிச் சுவரிலாவது இது எழுதி ஒட்டியிருப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. மல்யுத்தக் கூட்டமைப்பிலேயே சட்டப்படியான உள்ளகப் புகார்க் குழு இல்லை என்பது போராட்டத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது.

எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மாஸ்டர் எனக்கு அவர் காசில் முட்டை வாங்கிக் கொடுத்தார், கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார், பிரம்பால் முழங்காலுக்குக் கீழே அடித்தார். 'அடிச்சாத்தான் ஓடுவான்' என்று என் அப்பாவே சொன்னார். அவர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டில்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எனக்கு ரயில்வே வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் முதல் மாதச் சம்பளம் பார்த்தவன் நான். கடன் என்று சொன்னால் இதைவிடக் கெட்டியான கடன் கிடையாது.

எங்களோடு 200 மீட்டர் ஓடுகிற ஒரு பெண் இருந்தாள், எனக்கு ஒரு வகுப்பு மேலே. "அந்தப் புள்ளய ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு வரச்சொல்லு, நோட்டு எடுத்துக்கிட்டு" என்று மாஸ்டர் என்னைத்தான் அனுப்புவார். நான்தான் நல்ல சீடன். மூன்று தடவையோ நான்கு தடவையோ போய்க் கூப்பிட்டிருப்பேன். கடைசித் தடவை அவள் எழுந்திருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாஸ்டர் கூப்பிடுறாரு, வா அக்கா" என்று மறுபடி சொன்னேன். வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மண்டல அளவில் ஓடவேண்டியவள்.

சில வருஷங்களுக்கு முன் ஊரில் ஒரு கல்யாணத்தில் மாஸ்டரைப் பார்த்தேன். எண்பதைத் தொட்டிருப்பார், கை நடுக்கம். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களிடம், "இவன் என் பையன். நான் ஓடவிட்டவன்" என்றார். பழக்கத்தில் குனிந்து காலைத் தொட்டேன். நிமிர்ந்தபோது அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, ஞாபகம் இருக்கா சார் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தாரா, யோசிப்பதுபோல இருந்தாரா என்று முகத்தில் தெரியவில்லை. "நல்லா ஓடுவா. திடீர்னு நின்னுட்டா. பொம்பளப் புள்ளைங்கன்னா அப்படித்தான தம்பி" என்றார். பிறகு "சாப்பிட்டியா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன், ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.